தாமதமாக வந்தவனின் தாழ்மையான விண்ணப்பம்

அனுப்புநர்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பி ஷிப்ட் பார்க்கும் ஓர் உறுப்பினர்.
பெறுநர்: நுழைவுக் குழுச் செயலாளர் அவர்கள், நம் கார்ட் பந்தயக் கழகம்.
பொருள்: என்ட்ரி தாமதம் – இரட்டிப்புக் கட்டணம் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

சென்ற பந்தயத்துக்கு என் பெயரை ஏற்க மறுத்ததற்கு முதலில் நன்றி. கூகுள் ஃபார்ம் வெள்ளிக்கிழமை இரவு 12 மணிக்கு மூடும் என்றீர்கள், மூடிவிட்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு காரியம் நடப்பதைப் பார்ப்பது அரிதாகிவிட்ட காலத்தில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? எங்கள் பி ஷிப்ட் பத்தரைக்கு முடியும். அன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை. ஆள் வராமல் ஃபர்னஸை விட்டு நகரக் கூடாது என்பதும், செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதும் பந்தய விதிகளில் எங்கும் இல்லை. தவறு என்னுடையதாகவே இருக்கட்டும்.

ஓட முடியாவிட்டாலும் பார்க்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தடத்துக்கு வந்தேன். கிரிட் பட்டியலில் வெள்ளிக்கிழமை இரவு இல்லாத இரண்டு பெயர்கள் இருந்தன. மேசையில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் விசாரித்தேன். “அவங்க லேட் ஃபீ கட்டிட்டாங்கண்ணே” என்றார். அப்படி ஒரு வழி இருப்பதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கேக்கலையேண்ணே” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். ‘தாமத நுழைவு எக்காரணம் கொண்டும் ஏற்கப்படாது’ என்று ஒரு வரி. ‘தாமத நுழைவுக்குக் கட்டணம் இரு மடங்கு’ என்று அதற்கு அடுத்த வரி. ‘குழுவின் முடிவே இறுதியானது’ என்று மூன்றாவது வரி. மூன்றையும் ஒருவரே எழுதியிருந்தால் அவருடைய மனவலிமைக்கு என் வணக்கம்.

ரயில்வேயும் கடைசி நேரத்தில் வருகிறவனிடம் கூடுதலாகத்தான் வாங்குகிறது. ஆனால் ஏசி பெட்டிக்குத் தட்கல் காலை 10 மணிக்கு, ஏசி இல்லாததற்கு 11 மணிக்கு என்று ஊருக்கே தெரியும். நம் கழகத்தின் தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கிறது, யாருடைய வாட்ஸ்அப்பில் திறக்கிறது?

கெடு எதற்கு என்று தெரியாமல் பேசவில்லை ஐயா. ஹீட் பட்டியல் போடவேண்டும். யாருக்கு எந்தக் கார்ட் என்று குலுக்கவேண்டும். எடை குறைந்தவருக்கு ஈயக்கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் டிரான்ஸ்பாண்டர், வளைவுக்கு வளைவு மார்ஷல், ஓரத்தில் ஆம்புலன்ஸ். பத்துக் கார்ட் இருக்கும் தடத்தில் முப்பது பேர் என்றால் மூன்று ஹீட்டில் முடிந்துவிடும். முப்பத்தோராவது ஆள் வந்தால் நான்காவது ஹீட் வேண்டும்; தடத்தின் வாடகையோ மணிக்கணக்கு. அந்த ஒருவருக்காகப் பட்டியலையே கலைத்துப் போட்டால், யாரோடு யார் மோதுவது என்ற கணக்கும் குழம்பும். சனிக்கிழமை இரவெல்லாம் எக்செல் தாளோடு மல்லுக்கட்டும் உங்கள் மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை உண்டு. முப்பத்தோராவது ஆள் இரட்டிப்புக் கட்டணம் கட்டியதும் பதினோராவது கார்ட் எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

அபராதம் போட்டால் ஆட்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். நடப்பது தலைகீழ். முன்னதாகப் பணம் கட்டியவன் மழை வந்தால் நனைந்துதான் ஓடவேண்டும். கடைசியில் வருகிறவர் வானிலை அறிக்கை பார்க்கிறார், யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார், வெல்ல வாய்ப்பு இருந்தால் ஜிபே செய்கிறார். அந்த வசதிக்கு இரு மடங்கு மலிவு. ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறவனுக்கோ அது பல நாள் ஓ.டி. காசு. ஆக, நீங்கள் விற்பது காலதாமதத்தை. வாங்க முடிந்தவர் வாங்குகிறார்.

இந்த விளையாட்டில் எங்கள் பக்கத்து மண்ணுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பதை நினைவூட்ட அனுமதியுங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கட்டுவதற்கு முன், பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. இன்றைக்கு ஜி.என்.டி. சாலையில் எங்களுக்கு மிச்சம் நல்லூர் சுங்கச்சாவடியும் கன்டெய்னர் லாரி வரிசையும். நைட் ஷிப்ட் முடிந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து வருகிறவன் ஸ்க்ரூட்டினிக்குக் கொஞ்சம் பிந்தினால் ‘ஒழுக்கம் இல்லை’ என்று குரூப்பில் போடுகிறீர்கள். அந்த ஒழுக்கத்தை ஒருநாள் தச்சூர் கூட்ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசை.

பெரிய இடத்தில் தாமதம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் 2023 டிசம்பரில் நடக்கவேண்டிய ஃபார்முலா 4 பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. அது கடைசியில் தொடங்கியது 2024 ஆகஸ்ட் 31 அன்று. அன்றைக்கும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்றிதழ் வர நேரமாயிற்று. நண்பகல் என்றிருந்த கெடு, உயர் நீதிமன்றத்தில் இரவு வரை நீண்டது. தடமே லேட் என்ட்ரி! அதை யாரும் இரு மடங்கு கட்டச் சொல்லவில்லை, ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன்.

நேரத்தோடு பெயர் கொடுத்தவர்களெல்லாம் ஓடிவிடுவார்கள் என்றும் இல்லை. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் 20 கார்கள் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. மிச்செலின் டயரை நம்ப முடியாது என்று 14 கார்கள் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு. அந்த ஆறில் நான்காவதாக வந்தவர் நம் நரேன் கார்த்திகேயன். அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையிலேயே உயர்ந்த இடம் அதுதான். நம் கழகத்தில் டயர் பிரச்சினை எல்லாம் கிடையாது. தூக்கம்தான். முதல் நாளே பணம் கட்டியவர்கள் ஞாயிறு காலையில் எழுந்திருக்காமல் அவர்களுடைய கார்ட் காலியாக நிற்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஹெல்மெட் பையோடு.

எனவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: கெடுவுக்குப் பிறகு வருகிறவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒன்று திறங்கள். வந்த வரிசைப்படி பெயர் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி குரூப்பில் போடுங்கள். யாராவது வராவிட்டால் முதலில் எழுதியவருக்கு இடம், கிரிட்டில் கடைசி வரிசை, அதே கட்டணம். லேட் ஃபீ வாங்கியே தீரவேண்டும் என்றால் வாங்குங்கள்; அந்தப் பணத்தில் வெயிலில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல் பையன்களுக்கு மதியச் சாப்பாடாவது போடுங்கள். இதில் எதுவும் முடியாது என்றால் சுற்றறிக்கையின் முதல் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அது பொய்.

அடுத்த பந்தயத்தின் கெடு எந்தத் தேதி என்பதையும் இப்போதே சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். எங்கள் ஷிப்ட் பட்டியலைச் சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டுவார்கள். முன்கூட்டியே கேட்டால்தான் சூப்பர்வைசர் ஏ ஷிப்டுக்கு மாற்றித் தருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிரிட்டில் இடமில்லாத உறுப்பினர்.