சைக்கிளுக்குப் பல் எங்கே?

கேள்வி: பழைய ராலே சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதுப்பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குவதைத் தாராளமாகப் பார்க்கலாம். நாட்டிங்ஹாமில் பிறந்த ராலேயின் பல், பின்சக்கர ஹப். மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் அழுக்கைத் துடைத்தால் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்தும் எண்களும் தெரியும்: 62, 4 என்றிருந்தால் 1962 ஏப்ரலில் செய்த ஹப். சக்கரம் மாறியிருக்கலாம் என்பதால் ஃபிரேம் எண்ணையும் ஒத்துப் பார்ப்பது நல்லது. வாங்கிய பிறகு பழுதுபார்க்கக் கழற்றும்போது, கிராங்க் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். பிரஸ் வைத்துத் தள்ளுவதே முறை. ராலேயின் பாட்டம் பிராக்கெட் கப்பில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 24. மாற்றிப் போட்டால் ஃபிரேமின் மரையே போய்விடும். பழைய பெயின்ட்டும் தங்கக் கோடும் மிஞ்சியிருந்தால் மெழுகு தேய்த்தாலே போதும். புதுப்பெயின்ட் அடித்தால் விலைதான் இறங்கும்.