முன்னாள் ஆவது எப்படி? தாம்பரம்வாசிகளுக்குச் சில யோசனைகள்

தாம்பரத்தில் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ ஒரு கம்பெனியில் மாடாய் உழைத்துவிட்டு பி.எஃப். பென்ஷன் வாங்குவது. அதற்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். 2014 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று சொன்னார்கள். பத்து வருஷம் தாண்டியும் அந்த ஆயிரம் இடத்தை விட்டு அசையவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ‘நான் இன்னும் சாகவில்லை’ என்று விரல் ரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். வயசான விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் மூன்று தடவை நம்பாமல் நாலாவது தடவை நம்பும்.

இரண்டாவது வழி, ‘முன்னாள்’ ஆவது. விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலில் எந்தப் பதவி என்று முடிவு செய்யுங்கள். கவுன்சிலர் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். எழுபது வார்டு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023-இல்தான் வந்தது. அதற்காகச் சிட்லப்பாக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் ராத்திரிகளில் வருகிற அத்தனை போனையும் எடுக்க வேண்டும். பதவி போனால் மதிப்பூதியமும் போச்சு, போன் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே எம்.எல்.ஏ. 2023 அறிவிப்பின்படி முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு மாதம் 30,000, அவருக்குப் பின் குடும்பத்துக்கு 15,000, மருத்துவப்படி வருஷத்துக்கு 75,000. இன்னும் தெம்பிருந்தால் எம்.பி. அங்கே 31,000, ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கூடுதலாக 2,500. பத்து வருஷ சர்வீஸ் எல்லாம் கேட்க மாட்டார்கள். எவ்வளவு காலம் உறுப்பினராக இருந்திருந்தாலும் ஓய்வூதியம் உண்டு என்கிறது சட்டம். புரொபேஷன் பீரியட் கூட இல்லாத வேலை இது.

ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை. எம்.எல்.ஏ. ஓய்வூதியம் தனி, எம்.பி. ஓய்வூதியம் தனி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் துணைக் குடியரசுத் தலைவர் பதவியை விட்டு விலகிய ஜகதீப் தன்கர், அடுத்த மாதமே ராஜஸ்தானில் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். அவர் அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்தது தொண்ணூறுகளில். ஆக, பழைய காகிதம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பஞ்சாப் பக்கம் மட்டும் போக வேண்டாம். எத்தனை தடவை ஜெயித்தாலும் ஒரே ஓய்வூதியம்தான் என்று 2022-இல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

தொகையை உயர்த்திக்கொள்வதுதான் இந்தக் கலையின் உச்சம். ஆயிரம் ரூபாய்க்காரர்கள் டெல்லி வரை போய்ப் பந்தல் போட்டு உட்காருகிறார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களும், உயர்த்திக் கொடுக்கிறவர்களும், நாளைக்கு அதை வாங்கப் போகிறவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் காலம் பார்க்க வேண்டுமோ என்று தயங்காதீர்கள். 2018 ஜனவரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதிய உயர்வும், ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியும் கேட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஸ்டிரைக். குரோம்பேட்டை டெப்போவில் பஸ்கள் நிற்க, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜனம் ஷேர் ஆட்டோவில் தொங்கியது. அதே வாரம் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது: எம்.எல்.ஏ. சம்பளம் 55,000-லிருந்து 1,05,000. முன்னாள்களின் ஓய்வூதியம் 12,000-லிருந்து 20,000. தி.மு.க. எதிர்த்தது, மசோதா நிறைவேறியது. அந்த மாதம் 20-ஆம் தேதி பஸ் கட்டணம் ஏறியது. வரிசைக்கிரமத்தைக் கவனியுங்கள், இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்னாள்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணமும் உண்டு. தாம்பரத்தில் 21ஜி ஏறி அந்த பாஸை நீட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்டால் தடுமாறக் கூடாது. உடனே கக்கன் பெயரைச் சொல்லுங்கள். காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் இருந்தவர், உள்துறையைப் பார்த்தவர். பதவி போனபின் பஸ்ஸில் போய்வந்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது வேறொருவரைப் பார்க்க மதுரை அரசு மருத்துவமனைக்குப் போன இடத்தில், பொது வார்டில் கக்கன் இருக்கிறார் என்று தெரிந்து பதறிப்போனார். அதன் பிறகே அரசு உதவி வந்தது. வெளிநாட்டு உதாரணம் கேட்டால் அமெரிக்காவின் ட்ரூமன். ஜனாதிபதி பதவியை விட்டு வீட்டுக்குப் போனவருக்கு ராணுவ பென்ஷன் மாதம் 112 டாலர் சொச்சம்தான்; அதையும் மனதில் வைத்துத்தான் 1958-இல் முன்னாள் ஜனாதிபதிகளுக்கான சட்டம் வந்தது.

இந்த வாதம் உண்மையிலேயே பலமானது என்பதுதான் இதில் விசேஷம். கையில் காசில்லாதவனும் அரசியலுக்கு வர வேண்டுமென்றால், பதவி போனபின் அவன் சோற்றுக்கு ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். கக்கனுக்குக் கொடுத்ததை எந்தப் பாவியும் குறை சொல்ல மாட்டான். கக்கன் பெயரில் கல்யாண மண்டபக்காரரும் வாங்குவதுதான் இடிக்கிறது.

அந்த இடத்தில்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் இதே அரசு, முதியோர் உதவித்தொகை கேட்டுத் தாம்பரம் தாலுகா ஆபீஸ் படியேறும் பாட்டியிடம் ஏகப்பட்டது கேட்கும். மகன் இருக்கிறானா, சோறு போடுகிறானா, வீடு யார் பெயரில், நிஜமாகவே ஆதரவற்றவர்தானா? வி.ஏ.ஓ. பார்ப்பார், ஆர்.ஐ. பார்ப்பார், தனி வட்டாட்சியர் பார்ப்பார். 1962-இல் இருபது ரூபாயில் தொடங்கிய அந்தத் தொகை 2023-இல் 1,200 ஆனது. உங்கள் வீட்டுக்கு வி.ஏ.ஓ. வர மாட்டார். வர அவசியமும் இல்லை. சொத்து, நகை, கார், கடன், மனைவி பெயரில் உள்ள மனை வரைக்கும் வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். தேர்தல் ஆணைய வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் தாளையும் ஓய்வூதிய விண்ணப்பத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் வேலை இதுவரை எந்த ஆபீஸருக்கும் ஒதுக்கப்படவில்லை. அது அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் யாராவது இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு வந்து நின்றால் பதற வேண்டாம். முன்னாள் எம்.பி.க்களில் பெரும்பாலானோர் கோடீஸ்வரர்கள், அவர்களுக்கு எதற்கு ஓய்வூதியம் என்று ஒரு அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடி ஆனது. அதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம்தானாம். தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாம்பரம் ஸ்டேஷன் எதிரே நிறையக் கடை இருக்கிறது.