கிராணி இலக்கணம்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அந்தக் காலத் தோட்டங்களில் துரை பங்களாவில் இருப்பார், கேட்க வந்தவர் ஆபீஸ் வாசலில் நிற்பார், நடுவில் கிராணி என்ற குமாஸ்தா. இன்றைக்கு லெம்பா பெர்த்தாமில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் பழைய கணினி ஒன்றில் தன் இணையதளத்தை ஓட்டுகிறார் என்று வையுங்கள். இடி இடித்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. இப்படிப்பட்ட நோஞ்சான் துரைக்கு முன்னால் உட்கார வைக்கும் கிராணிக்கு ரிவர்ஸ் புராக்சி என்று பெயர். அதன் இலக்கணம் யாதோவெனின், துரை விழித்திருக்கிறாரா என்பதை வெளியாருக்குக் காட்டாமல், துரை பேரிலேயே விடை பகர்வது.

குடியால் அது மூவகை. ஸ்க்விட் (1996) மூத்த குடி. என்ஜின்எக்ஸ் (2004) ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்டது. வார்னிஷ் (2006) நார்வேயின் வெர்தென்ஸ் காங் பத்திரிகைக்காக எழுதப்பட்டது. குடிப்பெருமை பேசிப் பயனில்லை. குணத்தால் ஐவகை என்ப. நான்கு என்பாரும் உளர், அவர்கள் ஐந்தாவதிடம் மாட்டாதவர்கள்.

முதலாவது, ஓட்டக் கிராணி. எதையும் எழுதி வைக்காமல் கேள்விக்குக் கேள்வி உள்ளே ஓடுவார். துரை படுத்தால் வாசலில் 502 என்று போர்டு தொங்கும். இவரைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது, மந்தைக் கிராணி. பதிலைப் பிரதி எடுத்து அறுபது விநாடி வைத்திருப்பார். அறுபத்தோராம் விநாடியில் வாசலில் நிற்கும் அத்தனை பேரையும் ஒன்றாக உள்ளே தள்ளுவார். தீபாவளி லீவுக்கு ரூம் தேடுவோர் குவிந்தால் துரை அங்கேயே விழுவார். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியது. ஆளாளுக்கு விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையைத் திருத்த, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிரதி செல்லாமல் போக, சர்வர்கள் எல்லாம் ஒரே பக்கத்தை ஒரே சமயத்தில் புதிதாகக் கட்டப் போய் விக்கிப்பீடியா திணறியது. பிறகுதான் பூல்கவுண்டர் என்ற காவலை வைத்தார்கள். என்ஜின்எக்ஸிலும் இப்படிக் காவல் உண்டு: பிரதியே இல்லாத நேரத்துக்குப் புராக்சி_கேஷ்_லாக், பிரதி பழசான நேரத்துக்கு யூஸ்_ஸ்டேல் வரியில் 'அப்டேட்டிங்'. இரண்டும் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, உளறுவாய்க் கிராணி. ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்கும் சொல்வார். 2015 கிறிஸ்துமஸ் அன்று வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் கேஷ் என்ற பிரதி அமைப்பு பிசகி, சுமார் 34,000 பேரின் சொந்த விவரம் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே ஒப்புக்கொண்டது. தாக்குதலிலிருந்து சர்வரைக் காக்கப் போட்ட கேஷ் அது. குக்கி வைக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் இயல்பாகப் பிரதி எடுக்காது; வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்தத் தடையை நீக்குகிறவர்கள் இவரைத் தாங்களே வேலைக்கு வைக்கிறார்கள்.

நான்காவது, சமாளிக்கும் கிராணி. என் ஓட்டு இவருக்கே. துரைக்குக் காய்ச்சல் என்றால் நேற்றைய பதிலை முகம் மாறாமல் நீட்டுவார். ரூம் படமும் ரிங்லட்டிலிருந்து வரும் வழியும் ஒரே இரவில் மாறிவிடுமா என்ன? இந்தக் குணத்துக்கு ஸ்டேல்-இஃப்-எரர் என்று 2010-இலேயே ஆர்எஃப்சி 5861 என்ற இணைய நெறி ஆவணம் பெயர் சூட்டிவிட்டது. ஆனால் என்ஜின்எக்ஸில் ஒரு கண்ணி உண்டு. இரவில் தளத்தை யாரும் பார்ப்பதில்லை. விடியற்காலை சர்வர் படுக்கும். ஏழு மணிக்கு ஒருவர் வருவார், பழைய பதிலையாவது கொடுப்போம் என்று அலமாரியைத் திறந்தால் காலி! பிரதி ஒரு நாள் செல்லும் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், பத்து நிமிடம் யாரும் தொடாததைக் கழித்துக் கட்டுவது அதன் பிறவிப் பழக்கம். 'இன்ஆக்டிவ்' என்ற இடத்தில் ஏழு நாள் என்று மாற்றாதவரை சமாளிப்பு வெறும் பேச்சு. காலாவதியான பிரதிக்கு வார்னிஷ் இயல்பாகத் தரும் சலுகை 10 விநாடி. அதற்குள் ஜெனரேட்டரைக்கூட இழுத்துக் கிளப்ப முடியாது.

ஐந்தாவது, வதந்திக் கிராணி. துரை ஒரு நிமிடம் தலைசுற்றி உட்கார்ந்ததைப் பிரதி எடுத்து, ஒரு மணி நேரம் ஊரெல்லாம் சொல்வார். புராக்சி_கேஷ்_வேலிட் வரியில் எந்தப் பதிலானாலும் ஒரு மணி நேரம் என்று எழுதுவோர் வீட்டில் பிறப்பவர்.

புறனடை: ரூம் புக்கிங்கைத் துரைக்குப் பதிலாக எந்தக் கிராணியும் ஏற்க முடியாது. அதை உள்ளேதான் அனுப்ப வேண்டும். பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்பினால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு ரூம் விழும். துரை எழவில்லையென்றால் 503 போட்டு, இரண்டு நிமிடம் கழித்து வா என்பதற்கு ரீட்ரை-ஆஃப்டர் 120 என்று சேர்த்து, கீழே வாட்ஸ்அப் எண்ணை எழுதிவிடுவதே முறை.