கூவத்தில் குப்பை அள்ள உதவுவது எப்படி?

சிந்தாதிரிப்பேட்டையைக் கூவம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 2017 முதல் மாநகராட்சி அதன் குறுக்கே மிதவைத் தடுப்பு கட்டிக் குப்பையை நிறுத்தி அள்ளுகிறது. அந்தத் தடுப்பு சும்மா கிடக்கலாமா? நேற்று ராத்திரி நீங்கள் போட்டது போதாது.

1. மீன் மார்க்கெட்டில் ஆரம்பியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று கடைக்காரரிடம் அங்கலாய்த்துக்கொண்டே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்புக் கவர் கேளுங்கள். மஞ்சப்பை வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும். கசங்கிவிடும்.

2. செதிலையும் குடலையும் அதே கவரில் போட்டு, காற்றோடு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். காற்றில்லாத பை முங்கி, தடுப்புக்கு அடியில் நழுவி, நேப்பியர் பாலம் தாண்டிக் கடலுக்கே போய்விடும். பொறுப்புள்ளவர் செய்கிற காரியமா அது?

3. பாலத்தில் கம்பிவலை இருக்கிறதா? வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் எறியட்டும். பை வலையில் மாட்டித் தொங்கினால் போட்டோ எடுத்துப் புகார் அனுப்புங்கள்.

4. தெர்மாக்கோல் பெட்டியை முழுசாகப் போடவே கூடாது. பொக்லைன் ஒரே வாரில் அள்ளிவிடும். நொறுக்கிப் போடுங்கள். மணி மணியாகப் பொறுக்கட்டும்.

5. தடுப்பைச் சாய்வாகத்தான் கட்டுவார்கள். நீரோட்டம் குப்பையைக் கரையோரம் ஒதுக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டத்துக்கு எங்கே போவது? உங்கள் வீட்டுக் கக்கூஸ் குழாயை மழைநீர் வடிகாலில் இணையுங்கள். ஏற்கெனவே இணைத்திருந்தால், அடுத்த மாடி கட்டுங்கள்.

6. யாராவது கேட்டால், கரையோரக் குடிசைக்காரர்கள்தான் போடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்களில் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பி வருஷங்களாகிறதே என்பார்கள். "பழைய குப்பை, சார்" என்று சமாளியுங்கள்.

7. டீக்கடையில் 2015-ன் சீரமைப்புத் திட்டத்தை இழுங்கள். 600 கோடிக்கு மேல் எங்கே போச்சு என்று மேஜையைத் தட்டுங்கள். (கேள்வி நியாயமானதுதான், அதனால்தான் இவ்வளவு வசதியாக இருக்கிறது.) டீ குடித்த கப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். வழியில் பாலம் வரும்.

8. பழைய மெத்தையை ஐப்பசி வரை பத்திரமாக வையுங்கள். வெள்ளம் வந்ததும் இறக்குங்கள். பாலத்துக் கண்ணை ஒன்றே அடைக்கும். தண்ணீர் தெருவுக்குள் ஏறினால் மொட்டை மாடிக்குப் போய்க் கவுன்சிலருக்குப் போன் போடுங்கள். தலையணையை மறந்திருந்தால், அங்கிருந்தே எறியலாம்.