மழைக்கோட்டு மாமன்னர் புகழ்மாலை

குமரி மேற்குக் கரையின் குலவிளக்கும், ஆனி ஆடி அலைக்கு அஞ்சாத அடலேறும், இராஜாக்கமங்கலம் துறை முதல் நீரோடி வரை மீனவர் தோள்தோறும் கொலுவீற்றிருக்கும் கோமகனும், சில நூறு ரூபாய்க்கே தம் திருமேனி முழுவதையும் ஏழைக்கு ஈந்தருளும் எட்டாம் வள்ளலுமாகிய மாட்சிமை தங்கிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாமன்னர் அவர்களுக்கு இன்றுவரை ஒரு பாமாலையும் சூட்டப்படவில்லை. யானைக்கும் தேருக்கும் பாடிய தமிழ், கோட்டாற்றுக் கம்போளக் கடைத்தெருக் கயிற்றில் காற்றாடத் தொங்கும் இம்மன்னரை மறந்தது பெரும்பிழை. அப்பிழை தீர்க்கும் பணியை அடியேன் தலைமேற்கொள்கிறேன். புகழோ பெரிது, தாளோ சிறிது, மன்னர் பொறுத்தருள்க.

முதலில், அவர் பவனிவரும் காலத்தின் சிறப்பைச் சொல்ல வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை மழையை அண்ணாந்து பார்த்துக் காத்திருக்க, குமரிக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் படியளக்கின்றன. இந்த மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்ற நல்லெண்ணம் அது. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே பருவமழையின் முழு வீச்சும் கடலின் முழுச் சீற்றமும், இருப்பதிலேயே சிறிய கலத்தில் போகிறவர்களுக்கென்று தனியுரிமையாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விடிவதற்கு வெகுமுன்னே மணலிலிருந்து வள்ளத்தைத் தள்ளி, கரையலையை மார்பால் கடக்கும்போதே உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்துவிடும் பேறு பெற்றவர்கள் அவர்கள். கைலியும் பனியனும் மேலே ஒரு மன்னருமே அவர்களுக்குக் கவசம்.

மன்னரின் முதற்பெருங்குணம் சமத்துவம். வெளியே நிற்கும் நீரை உள்ளே விடாமல் தடுப்பது கொடுங்கோன்மை என்பது அவர் கொள்கை. தோள்பட்டையிலும் அக்குளிலும் தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையையும் திறந்தே வைத்து, மழைநீரை உபசரித்து உள்ளே அழைக்கிறார். அதே வேளையில், உள்ளே சுரக்கும் வியர்வையில் ஒரு துளியைக்கூட வெளியேற விடுவதில்லை. வலை இழுத்தவன் உழைத்துச் சேர்த்த செல்வம் வீணாகலாமா? காற்றுப் புகாத தம் உட்புறத்தில் அதைத் துளித்துளியாகக் கோத்துச் சேமித்து வைக்கிறார். வலையை விரித்துவிட்டு, மோட்டாரை அணைத்துவிட்டு, மனிதன் சற்றே அசையாமல் உட்காரும் நேரம் பார்த்து, முதுகுத்தண்டு வழியே குளிரக் குளிரத் திருப்பித் தருகிறார். வாங்கிய வியர்வையை வட்டியோடு செலுத்தும் நாணயம் வேறெந்தக் கருவூலத்தில் உண்டு?

நம் கடலில் குளிர் ஏது என்று மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து கேட்கும் சான்றோர் உண்டு. அவர்களே மன்னரின் அரசவைப் புலவர்கள். அவர்கள் வாக்கு பொய்க்குமா? உடலின் சூடு 37 பாகை. கடல்நீர் 27, 28 பாகை. நடுவில் பத்துப் பாகைதான் குறைவு. அந்தப் பத்துப் பாகையை வைத்துக்கொண்டு நீர் என்ன செய்துவிடும்? காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டை உறிஞ்சும், அவ்வளவுதான். நனைந்த பருத்திப் பனியன் தோலோடு ஒட்டிக் கிடக்க, அதன்மேல் கச்சான் காற்று வீசினால் பல் கிட்டும், அவ்வளவுதான். கடலில் விழுந்து நெடுநேரம் நீரில் கிடந்து, உடலின் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் விரல் மரத்து, பேச்சுக் குழறி, புத்தி மங்கும், அவ்வளவுதான். துன்பத்தை உணரும் புத்தியே மங்கிவிடுவதைக் காட்டிலும் பெரிய நிவாரணத்தை எந்த அரசனும் குடிகளுக்கு அருளியதில்லை.

மன்னரின் மேன்மை விளங்க வேண்டுமானால் பனிநாட்டாரின் பேதைமையைப் பார்க்க வேண்டும். பின்லாந்திலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். மக்கள் அந்தப் பனிப்பாளத்தின் மேல் நடந்துபோய், துளையிட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது பிழைப்பு அன்று, விடுமுறைநாள் பொழுதுபோக்கு. அதற்கு அந்த அப்பாவிகள் பூணும் கோலத்தைக் கேளுங்கள். தோலை ஒட்டிக் கம்பளியோ பாலியெஸ்டரோ ஓர் அடுக்கு. பருத்தியைத் தீண்டமாட்டார்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிரூட்டுமாம். அதன்மேல் சூட்டைக் காக்கத் தடித்த ஃபிளீஸ் அடுக்கு. அதற்குமேல் காற்றும் நீரும் புகாதபடி தையல்வாயை ஒட்டி அடைத்த மேலாடை. மார்பு வரை ஏறிய கால்சட்டை. வேர்க்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றுவதும் குளிரும்போது மாட்டுவதுமாக ஓயாத வேலை. பனி உடைந்து உள்ளே விழுந்தால் மிதக்கட்டும் என்று மேலாடைக்குள்ளேயே நுரைப்பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்வோரும் உண்டு. விழுந்தவர் மேலே ஏறிவரப் பனியில் குத்திப் பிடிக்கக் கழுத்தில் இரண்டு கூர்முனைப் பிடிகள் வேறு. கையில் காசு குறைந்தவர்கூட விலை மலிந்த கம்பளியையும் விலை மலிந்த மேலாடையையும் தேடுகிறாரே ஒழிய, மூன்றடுக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்வோம் என்று எண்ணுவதில்லை. ஒரு பகல் பொழுதுபோக்குக்கு இவ்வளவு உயிராசை! வாழ்நாள் முழுவதும் கடலில் பிழைக்கும் நம்மவரிடம் அந்தக் கோழைத்தனம் மருந்துக்கும் இல்லாதபடி மன்னர் பார்த்துக்கொள்கிறார்.

நார்வேக்காரரின் கதை இன்னும் பரிதாபம். ஹெல்லி ஹான்சன் என்னும் கப்பல் தலைவர் 1877இல் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்துக் கடலாடை செய்து விற்கத் தொடங்கினார். அன்று தொடங்கிய திருத்தம் இன்றும் முடியவில்லை. எண்ணெய்த் துணி போய்ச் செயற்கை இழை வந்து, தலைமுறை தலைமுறையாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். குறையுள்ள பொருளுக்குத்தான் திருத்தம் வேண்டும். நம் மன்னரோ பிறக்கும்போதே பூரணர். கடலுக்குப் போகிறவனிடம் ஒரு சொல் கேட்டு ஒரு தையலை மாற்ற வேண்டிய இழிநிலை அவருக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை. ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறவருக்கு எந்த வடிவில் காட்சி தருகிறாரோ, அதே வடிவில்தான் பத்துப் பாக ஆழத்தில் வலை இழுப்பவருக்கும் காட்சி தருகிறார்.

அவர் நிலையாமையைப் போதிக்கும் ஞானியும்கூட. உப்பும் வெயிலும் பட்ட சில வாரங்களில் அவருடைய உலோகப் பொத்தான்கள் துருவேறி உதிர்ந்து, இவ்வுலகில் எதையும் இறுக மூடிவைக்க இயலாது என்ற பேருண்மையை உணர்த்துகின்றன. மேனி விறைத்து, மடிப்புதோறும் வெடிக்கிறது. கூடவே வரும் கால்சட்டை, வள்ளத்தின் ஓரத்தில் ஒருவர் முதன்முறை குந்தி உட்காரும்போதே கவட்டில் பிளந்து வழிவிடுகிறது. ஆனியில் வாங்கியவர் ஐப்பசியில் மறுபடியும் வாங்கும் பாக்கியம் பெறுகிறார். நல்லதொரு கோட்டு ஒன்று வாங்கிப் பல ஆண்டு உடுத்தும் பணக்காரனுக்கு ஒரே ஒரு முறைதான் புத்தாடை. ஏழைக்கோ ஆண்டுக்கு இருமுறை! மலிவின் மகிமையை இதைவிட எப்படி விளக்குவது? பத்தாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் அற்பர்களை மன்னர் தம் அவையில் அனுமதிப்பதில்லை.

தலைமூடியின் அழகைச் சொல்லவா? அது இருபுறக் கண்பார்வையையும் மறைத்து, காதில் மழைச் சத்தத்தை மட்டுமே நிறைத்து, பின்னால் எழும் அலையும் பக்கத்தில் வரும் கலமும் மனத்தைச் சலனப்படுத்தாதபடி தியானத்தில் ஆழ்த்துகிறது. கைகளோ அகன்று தொங்கும் அரச கைகள். விசைப்படகில் வின்ச்சு சுழலும்போது அதனோடு கைகுலுக்க அவை காட்டும் ஆர்வம் சொல்லுக்கு அடங்காது. தவறிக் கடலில் விழுந்தாலோ, பைகளிலும் கால்சட்டையிலும் கொள்ளுமட்டும் நீரை வாரிக்கொண்டு, தம்மை அணிந்தவரைக் கடலன்னையின் மடிக்கே அழைத்துச் செல்லத் துடிக்கும் அந்தப் பரிவை என்னென்பது! அரசவையில் லைஃப் ஜாக்கெட் என்றொரு அமைச்சரும் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பருத்த மேனியர். அவரைப் பூண்டால் வலை இழுக்கக் கை வராது என்பதால், படகின் முன்புற அணியத்தில் தலையணையாக எழுந்தருளி ஓய்வெடுக்கிறார். கோட்டும் மிதவையும் ஒன்றேயாக, வேலைக்குத் தோதாகத் தைத்தால் என்ன என்று பனிநாட்டார் எண்ணினார்களே, அப்படி எண்ணி அமைச்சரின் உறக்கத்தைக் கலைக்க இங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

மன்னரின் நிறம் பெரும்பாலும் கறுப்பு, அல்லது கருநீலம். அழுக்குத் தெரியாது என்பது கடைக்காரர் கூறும் சிறப்பு. ஆளும் தெரியாது என்பது கடல் கூறும் சிறப்பு. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் உருக்கொண்டபோது, எச்சரிக்கை எட்டுமுன்பே கடலுக்குப் போயிருந்தவர்கள் ஏராளம். கவிழ்ந்த கலத்தையும் கைக்குக் கிடைத்த வெறும் கேனையும் பற்றிக்கொண்டு இரவும் பகலும் மிதந்து பிழைத்தவர்கள் உண்டு. பலர் திரும்பவே இல்லை. கடலோரக் காவல்படையும் கடற்படையும் விமானப்படையும் வானிலிருந்தும் தேடின. ஆரஞ்சும் மஞ்சளும் தொலைவிலிருந்தே கண்ணில் படும் பகட்டு நிறங்கள். கறுப்போ சாம்பல்நிற அலையோடு அலையாகக் கலந்துவிடும். தம்மை மட்டுமல்லாமல், தம்மை அணிந்தவரையும் சேர்த்து மறைத்துக்கொள்ளும் அடக்கம் மன்னருக்கே உரியது. அந்தப் புயலுக்குப் பிறகும் அவர் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கொண்ட கொள்கையில் உறுதி என்றால் இதுவன்றோ உறுதி!

இனி, நம் காலத்தின் கொடைத்திறம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று கருதித் தன் போர்வையைக் கொடுத்தான். அவன் புகழை நாம் எங்கோ பின்னே விட்டுவிட்டோம். கொச்சியிலிருந்தும் முனம்பத்திலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் தங்குகடலுக்குப் போகும் போட்டுகளில் குமரிக்காரர் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருக்கிறார்கள். டன் கணக்கில் ஐஸ் ஏற்றிப் போகும் அந்தப் போட்டுகளில், மீன் வைக்கும் அறையை எப்படி அமைக்கிறார்கள் தெரியுமா? உள்ளே ஃபைபர் தகடு ஓர் அடுக்கு. நடுவே வெப்பம் கடத்தாத நுரைப்பஞ்சு ஓர் அடுக்கு. வெளியே நீர் புகாத ஃபைபர் ஓர் அடுக்கு. ஆம், பின்லாந்துக்காரன் பூணும் அதே மூன்றடுக்கு! உயிர் போன சூரையும் சுறாவும் அந்த மூன்றடுக்குப் போர்வைக்குள் இம்மியும் சூடு மாறாமல் துயில்கொள்கின்றன. உயிரோடு உள்ளே இறங்கி ஐஸை உடைத்து, வாரி, மீனை அடுக்குகிறவருக்கு ரப்பர்ச் செருப்பும் கைலியும், போதாவிட்டால் நம் மன்னரும். மயிலுக்குக் கொடுத்துவிட்டுப் பேகன் குளிரில் நின்றான். மீனுக்குக் கொடுத்துவிட்டு மீன் பிடித்தவனைக் குளிரில் நிறுத்தும் நுட்பம் அந்தப் பழைய வள்ளலுக்குத் தெரியாது. செத்த மீன் கெட்டால் ஏலத்தில் விலை குறையும்; விறைத்த மனிதனை ஏலம் விடுவதில்லை. ஆகையால் எதற்குப் போர்வை போர்த்த வேண்டும் என்பதில் நம் கணக்கு ஒருநாளும் தப்பாது.

துணிக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. திருப்பூரில் பின்னித் தைத்த பனியன்களும் ஸ்வெட்ஷர்ட்டுகளும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைகின்றன. தமிழ்நாட்டுத் தறியிலும் தையலிலும் கைதேர்ந்தவர்கள் குளிர்நாட்டாரின் உடம்புக்கு ஏற்ற அளவெடுத்துத் தைக்கத் தெரிந்தவர்கள். இராஜாக்கமங்கலம் துறைக்காரரின் உடம்புக்கு அளவெடுக்க யாரும் அவர்களை அழைக்கவில்லை என்பதும் மன்னரின் அரசியல் சாதுரியமே. நல்ல உடை சரக்காகக் கடலேறலாம், மனிதன்மேல் ஏறலாகாது.

இத்தனை பெருமையும் பூரணமாக ஒளிவீசும் தருணம் ஒன்றுண்டு, மீனவருக்கு அவரை வழங்கும் விழா. பந்தல், மேடை, பொன்னாடை, வரவேற்புரை. அதன்பின் பயனாளிகள் வரிசையாக வர, மடிப்புக் கலையாத மன்னரைப் பெருமக்கள் தம் பொற்கரங்களால் எடுத்து நீட்டி, கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கும் அந்தத் தருணம். வாங்குகிறவரின் கையும் கொடுக்கிறவரின் கையும் மன்னரின் மேல் ஒருசேரப் பதிந்திருக்கும் அந்தப் படத்தில் ஒரு சொட்டு நீர்கூட உள்ளே கசிவதில்லை. பளபளப்புக் குன்றுவதில்லை, பொத்தான் உதிர்வதில்லை. அவர் பிறந்த பயன் அங்கேயே நிறைவேறிவிடுகிறது. அதற்குப் பிறகு கடலில் நடப்பது வெறும் பின்னிணைப்பு.

ஆதலின் கொடுத்துச் சிவந்த கரத்தினராகிய அப்பெருமக்களின் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம். இவ்வளவு உயர்ந்த பேற்றை மீனவருக்கே வாரி வழங்கிவிட்டுத் தாங்கள் வெறும் வேட்டி சட்டையோடு நிற்பது தியாகத்தின் எல்லையையும் கடந்தது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வரும் ஆடியில், மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஓர் இரவில், தாங்கள் வழங்கிய அதே மன்னரைத் தாங்களே சூடி, இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து புறப்படும் வள்ளத்தில் விடியும்வரை எழுந்தருள வேண்டும். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாருக்கும் ஒரே அளவுதான். நிறத்துக்கும் குறைவில்லை, கறுப்பு வேண்டியமட்டும் இருக்கிறது.