தாமதமாய் வந்த தபாலும் தொலைந்துபோன மலையும்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் யோஹானிஸ்பெர்க் என்று ஒரு திராட்சைத் தோட்டம். 1775இல் அங்கே ஒரு சட்டம்: தூரத்து ஃபுல்டாவில் இருக்கும் மடாதிபதி உத்தரவு கொடுத்தால்தான் பழத்தில் கை வைக்கலாம். உத்தரவு வாங்கப் போன குதிரைக்காரன் நாள் கணக்கில் திரும்பவில்லை. எந்தச் சத்திரத்தில் உட்கார்ந்துவிட்டான் என்பதில் ஆளுக்கொரு கதை. அதற்குள் பழத்தில் பூசணம் பூத்துவிட்டது. கொட்ட மனமில்லாமல் பிழிந்தார்கள். சாறு தேனாக இனித்ததாம். இப்போது அந்தத் தாமதக்காரனுக்கு அங்கே சிலையே நிற்கிறது.

மலேசியாவில் ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே உள்ள மலைக்கும் அப்படி ஒரு குதிரைக்காரன் உண்டு. பெயர் வில்லியம் கேமரன்; அரசாங்க நில அளவையாளர். 1885இல் மலைமேல் ஏறி, அருமையான சமவெளி ஒன்றைப் பார்த்ததாக அறிக்கை எழுதினார். எங்கே என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்க மட்டும் மறந்துவிட்டார். நில அளவையாளருக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். நாற்பது வருஷம் மலை ‘காணாமல்’ போனது. அங்கேயே பிறந்து வாழ்ந்த செமாய் மக்களுக்கு அது ஒருநாளும் தொலையவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கத்தான் இல்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் துரை வந்து, ‘கிடைத்துவிட்டது’ என்று முடிவு செய்த பிறகே தாப்பாவிலிருந்து சாலை மேலேறியது. கேமரனுக்குக் கிடைத்தது சிலையைவிடப் பெரிய பரிசு: மலைக்கே அவர் பெயர், கேமரன் மலை. மறதிக்கு இவ்வளவு மரியாதையா!

1929இல் வந்தார் ஜே.ஏ. ரஸ்ஸல். கோலாலம்பூரில் வியாபாரம் செய்து சம்பாதித்தவர். உலகமெங்கும் பொருளாதாரம் சரிய, ரப்பர் விலை தரை தட்ட, பால்மரத்தை நம்பி வந்த தமிழர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பவிருந்த காலம். ரஸ்ஸல் போட்ட கணக்கு வேறு: காசு இல்லாதவன் கார் வாங்க மாட்டான், தேநீரை விட மாட்டான். இலங்கைத் தேயிலையில் பழகிய மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ரிங்லெட் பக்கத்தில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார்.

காட்டை எப்படி அழித்தார்கள் என்பதற்கு வழக்கமாக ஒரு பட்டியல் சொல்வார்கள்: ஒரு ஸ்டீம்ரோலர், சில கோவேறு கழுதைகள், அப்புறம் ‘ஆட்கள்’. ரோலருக்கும் கழுதைக்கும் வரலாற்றில் இடம் உறுதி. ஆட்கள் யார், எந்தக் கிராமம், எந்தக் கங்காணி கூட்டி வந்தான் என்பதற்கு மட்டும் பட்டியலில் இடம் போதவில்லை. கழுதை சம்பளம் கேட்காது. அதனால் நன்றியோடு நினைக்க வசதி.

தேயிலைச் செடி கொழுந்து தர மூன்று நான்கு வருஷம் ஆகும். ரஸ்ஸல் 1933இலேயே காலமாகிவிட்டார். தன் தோட்டத்துத் தேநீரில் எத்தனை கோப்பை குடித்தாரோ!

இப்போது ஜெர்மன் திராட்சைத் தோட்டக்காரர்கள் ‘இயற்கை முறை’ முத்திரைக்காகப் படிவம் படிவமாக நிரப்புகிறார்கள். அதிலும் பூசணத்துக்குச் செப்பும் கந்தகமும் தெளித்துக்கொள்ளலாம், அது இயற்கைதான் என்கிறார்கள். அந்தக் கணக்கில் 1929இன் ரிங்லெட்டை அடிக்க ஆள் கிடையாது. அட்டை இயற்கை முறையில் ரத்தம் குடித்தது. காய்ச்சல் இயற்கையாக வந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற காலில் மழை எந்த ரசாயனமும் கலக்காமல் கொட்டியது. முத்திரை குத்தத்தான் யாரும் வரவில்லை.

மோசல் நதிக்கரையில் சில திராட்சைச் சரிவுகளில் ஆள் நிற்பதே வித்தை, இயந்திரம் ஏறாது. போலந்துக்காரரும் ருமேனியரும் வந்து பறித்துவிட்டுப் போகிறார்கள். கேமரன் மலையில் அன்று தமிழர். இன்று வங்காளதேசத்தவர், நேபாளிகள், இந்தோனேசியர். புட்டியிலும் பொட்டலத்திலும் முதலாளி குடும்பத்தின் கதை அச்சாகும். பறித்த கை ஊர் மாறி ஊர் வந்தது எதிலும் அச்சாகாது.

போ தோட்டத்துக்குப் போகிறவர்கள் படம் எடுங்கள், ஸ்கோன் சாப்பிடுங்கள், ஸ்டீம்ரோலர் கதையையும் காது குளிரக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், முதல் வருஷத்து ஆள்பதிவேடான செக்ரோலில் கிராணி எழுதிய பெயர்கள் எவை என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். உங்கள் தாத்தா பெயரும் அதில் இருக்கலாம்.