புதுவை இல்லங்களில் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் தெரிவு: குமிழை முன்வைத்து ஓர் ஆய்வு

எல்லை வகுக்காமல் தொடங்கும் ஆய்வைத் தமிழுலகம் மன்னிப்பதில்லை. இவ்வாய்வின் எல்லைகள் வருமாறு: கிழக்கே கடல், மேற்கே பஸ் ஸ்டாண்ட், வடக்கே முத்தியால்பேட்டை, தெற்கே ரயில் நிலையம். காலம்: பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்த 1954 நவம்பர் 1 முதல் இன்று மாலை கரன்ட் போகும் வரை. ஆய்வுப் பொருள்: ப்ரீ ஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் (காண்க: பெட்டி).

“இப்பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை” என்று இரண்டாம் பத்தியில் எழுதுவது மரபு. அம்மரபு இங்கும் காக்கப்படுகிறது. நெருங்கிய துறையில் ஒரே ஒரு முன்னோடி உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயிக்குள் இருபத்திரண்டு சுருதியல்ல, இருபத்துநான்கு என்று நிறுவ ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ எழுதி 1917இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே பரோடா இசை மாநாட்டுக்குத் தம் மகள்களை அழைத்துப்போய், சொன்னதை இசைத்தும் காட்டச் செய்தார். சொன்னதைக் காதுக்குக் காட்ட வேண்டும் என்ற இந்தக் கெட்ட வழக்கம் பிற்கால ஆய்வாளர்களிடம் பரவாமல் போனது நம் பேறு.

இனி வகைப்பாடு.

வால்வு ஆம்ப்: இருட்டில் அழகு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகளை அட்டைப்பெட்டி கிழியாமல் தேடுவோர் இன்றும் உளர்.

கிளாஸ் டி: சூடாகாது. ஆகவே ஆய்வுக்குரிய மர்மம் ஏதுமில்லை.

கிளாஸ் ஏ: கோட்பாட்டளவிலேயே இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இசையாக வராது, மிச்சமெல்லாம் வெப்பம். அக்னி நட்சத்திரத்தில் இதை ஓட்ட ஏசி வேண்டும். ஏசி ஓடினால் மெல்லிய தம்புரா கேட்காது. தம்புரா கேட்க ஏசியை நிறுத்தினால் கேட்பவர் இருக்கமாட்டார். இச்சுழற்சிக்குத் தீர்வு கூறும் நூல்கள் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை (வாரண்டி அட்டை, பின்பக்கம், மூன்றாம் மொழி).

வாட்: 50 வாட்டை 100 வாட்டாக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவது ஓரிரு வாட். பிரிட்டனின் என்ஏடி நிறுவனம் 1978இல் கொண்டுவந்த 3020, சேனலுக்கு வெறும் 20 வாட் என்று போட்டுக்கொண்டே உலகம் முழுக்க விற்றது.

வரி: சரக்கு விலையில் புதுவைக்கு இருக்கும் பெருமை இங்கே செல்லாது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி சரக்கை விட்டுவிட்டு ஆம்ப்பைப் பிடித்துக்கொண்டது. சென்னையிலும் அதே வரிதான்.

அறை: பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுத் தெருக்களின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், கம்பளம் இல்லாத தரை. கைதட்டினால் அறை திருப்பித் தட்டும். மேலும், எதிரெதிர்ச் சுவர்கள் 5 மீட்டர் இடைவெளியில் நின்றால் 34 ஹெர்ட்ஸ் அருகே தாழ்சுரம் வீங்கும். எந்த ஊர் ஆம்ப்பும் அதைத் தட்டிக்கேட்க முடியாது. ஒரு திரைச்சீலையும் புத்தக அலமாரியும் கைதட்டலின் எதிரொலியையாவது அடக்கும் என்பதால், இவ்வுண்மையை ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிறார்கள்.

இனி வருவது குமிழ்.

ஷோரூமுக்குள் நுழைபவர் முதலில் பார்ப்பது விலைச்சீட்டை. முதலில் தொடுவது வால்யூம் குமிழை. கட்டைவிரலும் நடுவிரலும் பக்கவாட்டில், ஆள்காட்டி விரல் தலைமேல்: இது பெருவழக்கு. உள்ளங்கையால் மொத்தமாகக் கவ்வுவது சிறுவழக்கு. இவர்களிடம் கடைக்காரர் தள்ளுபடி பேசுவதில்லை. குமிழ் மூவகைப்படும்: வழுக்குவது, பல் பல்லாக நகர்வது, ரிமோட்டை அமுக்கினால் தானே சுற்றுவது. மூன்றாவதில் உள்ளே ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. வீட்டுக்கு வரும் உறவினருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த அம்சம் எந்த ஆம்ப்பிலும் இல்லை.

கோயில் திருவிழா மைக் செட்காரர் இவ்வளவு தொல்லைப்படுவதில்லை. அவருடைய அகுஜா ஆம்ப்பின் ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலீஷில் ஒரு புள்ளி. புள்ளிக்கு மேலே போனால் கூம்பு கத்தும், போகமாட்டார். முப்பது நிகழ்ச்சிக்கு அந்தப் புள்ளி போதும்.

ஆய்வாளருக்கோ ‘ஒன்பது மணிச் சிக்கல்’ இருக்கிறது. குமிழின் கோடு கடிகார முள்ளில் ஒன்பதைத் தொடும் முன்பே அறை அதிர்ந்தால், ஆம்ப்பில் இன்னும் மலைபோல் சக்தி மிச்சமிருக்கிறது என்பர் ஒருசாரார். “பன்னிரண்டு வரை திருக இடம் தருவதே பெருந்தன்மை” என்பர் மறுசாரார். இருவருக்கும் ஆதாரம் ஒன்றே: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதைச் சாக்கின்மேல் கிடைத்த, அட்டையும் முதல் பதினொரு பக்கங்களும் இல்லாத கையேடு, அதில் கறையான் விட்டுவைத்த பன்னிரண்டாம் பக்கத்தின் இடது ஓரம், அங்கே முன்னாள் உடைமையாளர் பென்சிலால் எழுதி, பின்னர் மனம்மாறி அழித்ததாக ஊகிக்கப்படும் “9” என்ற எண். அதைச் சலவைக் கணக்கு என்று படித்த ஒருவரும் உண்டு. அதன்பின் எந்தக் கருத்தரங்கிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரவில்லை. கையேட்டின் காலம் குறித்தும் ஒருமையில்லை. பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் ரோமானியப் பானை ஓட்டை வைத்துக் காலம் கணித்தார். ஓடே இல்லாமல் கணிக்கும் முறை தமிழ்நாட்டில் பின்னர் மேம்படுத்தப்பட்டது. அம்முறைப்படி இக்கையேடு மின்சாரத்துக்கு முற்பட்டது.

சிக்கலின் விடை ஆம்ப்பின் பின்பக்கத்தில் இருக்கிறது. சிடி பிளேயர் முழுவீச்சில் தருவது சுமார் 2 வோல்ட். இன்டக்ரேட்டட் ஆம்ப்புகள் பலவற்றுக்கு முழுச் சக்தியைத் தொட 0.2 முதல் 0.5 வோல்ட் உள்ளே வந்தாலே போதும். ஆகவே குமிழ் பாதி திரும்பும் முன்பே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடலாம். மீதித் திருகலில் கிடைப்பது சக்தியல்ல, சிதைவு. இதைச் சொன்னால் ஒரு பக்கத்தில் ஆய்வு முடிந்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

குமிழின் உண்மையான வேலை வேறு. இரண்டு ஆம்ப்புகளில் ஒன்றை அரை டெசிபல் கூட்டி வைத்தால், கேட்பவர் “சத்தம் அதிகம்” என்று சொல்லமாட்டார். “தெளிவு” என்பார். “பாடகியின் மூச்சு கேட்கிறது, மிருதங்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது” என்பார். பில் போடும் மேசை அப்போதே தயாராகிவிடும்.

அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ 1987 ஜனவரியில் இந்த வேலையைக் கெடுத்தது. 220 டாலர் பயோனியர் முதல் 12,000 டாலர் ஃபட்டர்மேன் வால்வு ஆம்ப் வரை, ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவிட்டது. வாயால் வேறுபாடு சொன்னவர்களால் காதால் சொல்ல முடியவில்லை. பின்னாளில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர் இதே முறையில் ஆம்ப்பைப் பிரித்துச் சொல்பவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று அறிவித்தார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பண்டிதரின் மகள்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது, நிதி கோரப்பட்டுள்ளது.

ஆம்ப்புகளுக்குள் வேறுபாடு காதுக்குத் தெரியாது என்ற இத்தீர்ப்புக்கு விலக்கும் உண்டு: மின்தடை நான்கு ஓமுக்கும் கீழே இறங்கும் முரட்டு ஸ்பீக்கருக்குத் தாங்கும் ஆம்ப் வேண்டும். கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: உப்புக்காற்று இணைப்புகளை அரித்த பிறகு, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா? மற்றபடி லட்சங்களை ஸ்பீக்கரிலும் அறையிலும் போடுவதே சரி.

கடைக்குப் போகும் புதுவை வாசகரே, ஒரு மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயர் மாட்டுமிடத்தில் ஏசி வோல்ட் பாருங்கள். ஒரு ஆம்ப்பில் 2.00 காட்டினால் மற்றதில் 1.98க்கும் 2.02க்கும் இடையில் வரும்வரை குமிழைத் திருகுங்கள். பிறகு பாட்டைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூட வந்தவரை மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லுங்கள். மீட்டரை எடுத்ததும் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். மல்டிமீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது.